ஓசூர் குளிருக்கு எந்த அலங்காரப் பனை?

ஓசூர் நர்சரிகளில் அலங்காரப் பனை வாங்க வருபவர்கள் குளிரைக் கண்டு கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறார்கள். ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிப்பது பெங்களூர்க் குளிர். அந்தப் பெங்களூரிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. ஊட்டி தலைக்குந்தாவில் புல்லை வெளுக்க வைக்கும் உறைபனி வேறு கதை.

எனவே கம்பெனி வாசல்களில் வரிசைகட்டி நிற்கும் ராயல் பாம் மார்கழியைத் தாண்டிவிடும். அதைப் படுத்துவது கோடைதான். கியூபாவின் ஈர மண்ணில் வளர்ந்த மரம். போர்வெல் கைவிட்டால் மட்டைகள் சிறுத்துத் தொங்கும். பழுத்த மட்டை கனமானது, தானாகவே விழும். கார் நிறுத்தும் இடத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

வீட்டு முற்றத்துக்கு ஃபாக்ஸ்டெயில் மேல். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாறைகளுக்கு நடுவே வளர்வது; தண்ணீர் தேங்காத மண் கிடைத்தால் போதும்.

குண்டுத் தண்டுக்காக வாங்கும் பாட்டில் பாம் மொரீஷியஸ் பக்கத்துத் தீவு மரம். குளிரில் வளர்ச்சி நின்றுபோகும். தாழ்வான, வெப்பம் கூடிய கிருஷ்ணகிரியில் நடலாம். ஓசூரில் மேற்கு வெயில் படும் சுவரோரம் பார்த்து வைக்க வேண்டும். சிவப்புத் தண்டு லிப்ஸ்டிக் பாம் மலேயா சதுப்பு நிலத்துச் செடி, அந்த ஆசையை விட்டுவிடலாம்.

இடம் தாராளமாக இருந்தால் பிஸ்மார்க்கியா. வெள்ளி நிறத்தது பச்சையைவிடக் குளிர் தாங்கும். வேரைத் தொந்தரவு செய்தால் பொறுக்காது. பெரிய மரத்தைப் பெயர்த்து வாங்குவதைவிடச் சின்னக் கன்றாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

இவை எல்லாவற்றையும்விடத் தோதான மரம் உள்ளூரிலேயே நிற்கிறது: ஈச்சை. வறட்சியும் தாங்கும், பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி குளிரும் தாங்கும். ஃபுளோரிடாவில் 'சில்வெஸ்டர் பாம்' என்ற பெயரில் இதை நல்ல காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். இங்கே வேலியோரத்தில் சீண்டுவாரில்லை. அடிமட்டை முட்கள் பொல்லாதவை, குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் தவிர்க்கலாம். சிவப்புக் கூன்வண்டு துளைத்த ஓட்டை தண்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானலில் தோட்டம் போடுபவர்களுக்கு விண்ட்மில் பாம். பிரிட்டனிலேயே திறந்தவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும் மரம் அது. நம் மலையூர் உறைபனியில் இலை கருகினாலும் உடனே வெட்டக் கூடாது. பழைய மட்டைதான் குருத்துக்குக் காவல். குளிர் முழுக்க விலகிய பிறகு, நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். கையோடு வராவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும்.