ஆயிரம் மில்லியனும் நூறு கோடியும்

அன்புள்ள மருமகளுக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மாமா எழுதுகிறேன். முல்லைப் பெரியாறு செய்தி வரும்போதெல்லாம் அடி, கன அடி, மில்லியன் கன அடி, டி.எம்.சி. என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, இதில் எது பெரியது என்று கேட்டிருந்தாய். குமுளிப் பிள்ளை இதைக் கேட்காவிட்டால்தான் வியப்பு. ஒரே தண்ணீரை மலை இறங்கினால் ஒரு கணக்கிலும், மலையாளச் செய்தியில் வேறு கணக்கிலும் கேட்கிற ஊர் உன்னுடையது.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் உள்ள தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் ஒரு கன அடி. 28.3 லிட்டர், நம் வீட்டுக் குடத்தில் ஏறக்குறைய இரண்டு. பத்து லட்சம் கன அடி ஒரு மில்லியன் கன அடி. அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. நம் வழக்கில் நூறு கோடி கன அடி.

ஆயிரம் மில்லியன் என்று சுற்றி வளைப்பானேன், பில்லியன் என்றே சொல்லலாமே என்று உனக்குத் தோன்றும். 1895-ல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த காலத்து இங்கிலாந்தில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு நூறு கோடிதான். பிரிட்டிஷ் அரசு அமெரிக்க வழக்கத்துக்கு மாறியது 1974-ல். ஆயிரம் மில்லியன் என்றால் இரு நாட்டிலும் குழப்பம் இல்லை. அங்கே அந்த வழக்கு தேய்ந்துவிட்டது. நம் ஆற்றுத் தகராறுகளில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். டி.எம்.சி. என்பது இருப்பு. கியூசெக் என்பது ஓட்டம், விநாடிக்கு ஒரு கன அடி. செய்தித்தாள்களில் பல நேரம் ‘விநாடிக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘300 கன அடி திறப்பு’ என்று மட்டும் போடுகிறார்கள். முந்நூறு கன அடி வெறும் அறுநூறு குடம்; அதற்கா மதகைத் திறப்பார்கள்! ஒரு நாளில் 86,400 விநாடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள், மற்றதெல்லாம் வகுத்தல், பெருக்கல்தான்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் போகும் கம்பம் பள்ளத்தாக்கையே எடு. இருபோக நெல் 14,707 ஏக்கர். பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100 என்று விநாடிக்கு 300 கன அடி விடுவது வழக்கம். அந்த 200 கன அடி 120 நாள் ஓடினால் இரண்டு டி.எம்.சி.யைக் கொஞ்சம் தாண்டும். அத்தனை ஏக்கரிலும் அதைப் பரப்பினால் மூன்றேகால் அடி உயரத்துக்கு நிற்கும். நெல்லுக்கு அது தாராளமும் இல்லை, பஞ்சமும் இல்லை. ‘டி.எம்.சி. டி.எம்.சி.யாகக் கொண்டுபோகிறார்கள்’ என்று யாராவது பேசினால் இந்த மூன்றேகால் அடியை நினைத்துக்கொள்.

எங்கள் பக்கக் கதை இதற்கு நேர்மாறு. 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு வருடம் 7.25 டி.எம்.சி. மேடையில் சொல்லும்போது மலைபோல் இருக்கும். வருடம் முழுவதற்கும் பிரித்தால் விநாடிக்கு 230 கன அடிதான். அதனால்தான் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் விவசாயி எப்போதும் எவ்வளவு என்பதோடு, எந்த மாதத்தில் என்றும் கேட்பார். நட்ட பயிர் காய்ந்தபின் வருகிற தண்ணீர் ஒப்பந்தக் கணக்கில் ஏறும், வயலுக்கு உதவாது.

அடிக் கணக்கு இன்னும் ஏமாற்றும். முல்லைப் பெரியாறு 142 அடி, இடுக்கி 2,403 அடி என்றால் இடுக்கிதான் எங்கோ உச்சியில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் மேலே இருப்பது முல்லைப் பெரியாறுதான். அங்கிருந்து வழிவது இறங்கி இடுக்கிக்குப் போகிறது. முன்னதை ஆற்றுப் படுகையிலிருந்து அளக்கிறார்கள், பின்னதைக் கடல்மட்டத்திலிருந்து. தவிர, எல்லா அடியும் ஒரே கொள்ளளவு இல்லை. பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிவதால் 141-லிருந்து 142-க்கு ஏறும் ஓரடியில் கீழே உள்ள ஓரடியைவிடத் தண்ணீர் மிக அதிகம். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 என்று உறுதி செய்யும்வரை 136-க்கும் 142-க்கும் இடைப்பட்ட அந்த ஆறு அடிக்காக இரு மாநிலமும் ஏன் அப்படி மல்லுக்கு நின்றன என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மறுபாதி அணை உடையுமோ என்ற பயம், அதை எண்ணால் அளக்க முடியாது, கேலி செய்யவும் கூடாது.

பயத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அலகுதான். இடுக்கியின் செறுதோணி அணையில் விநாடிக்கு ஒரு லட்சம் லிட்டர் திறந்தார்கள் என்று மலையாளத்தில் கேட்டால் திக்கென்கும். அதே தண்ணீர் தமிழ்ச் செய்தியில் 3,531 கன அடி. பொறியாளர் ஏட்டில் நூறு கியூமெக், அதாவது விநாடிக்கு நூறு கன மீட்டர். மூன்றும் ஒன்றே. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் மதகின் சங்கிலி அறுந்து விநாடிக்கு 20,000 கன அடி பாய்ந்தபோது அணையே காலியாகிவிடுமோ என்று கேட்டவர்கள் உண்டு. மதகின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் போகும். அதற்குக் கீழே உள்ளது அசையாது.

இப்போது உனக்கு ஒரு கணக்கு. அதே பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தில் சோலையாற்றில் கேரளத்தின் பங்கு வருடம் 12.3 டி.எம்.சி. விநாடிக்கு எத்தனை கன அடி என்று போட்டு அனுப்பு. 390-ஐ ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் 86,400-ல் ஒரு சைபர் விட்டிருப்பாய். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா