புழுவின் போக்கை அறிந்து பயிரைக் காத்தல்
கமக்காரரும் மாணவரும் செய்யத்தக்க எளிய பரிசோதனைகள்



கரடியனாற்றைச் சூழ்ந்த வயல்களில் மாரி மழையுடன் விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் காலத்திலேயே புழுக்களும் தோன்றிவிடுகின்றன. காலையில் வரம்பில் நின்று பார்க்கும் ஒருவர், இலைகள் அரிக்கப்பட்டிருப்பதைக் காண்கின்றார், புழுவைக் காண்பதில்லை. உடனே கடைக்குச் சென்று மருந்து வாங்கி, உச்சிவெயிலில் விசிறுகின்றார். மறுநாள் அழிவு முன்னிலும் கூடியிருப்பதைக் கண்டு, மருந்து தரம் குறைந்தது என்று எண்ணி மனம் வருந்துகின்றார். பல வேளைகளிற் குறை மருந்தில் இல்லை. புழு எந்நேரத்தில் எவ்விடத்தில் இருக்கும் என்பதை அறியாமையே குறைக்குக் காரணமாகும்.

இதனை அறிவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பாடசாலை வகுப்பறையிலும் வீட்டுத் திண்ணையிலும் செய்யத்தக்க சில பரிசோதனைகள் இங்கே கூறப்படுகின்றன. உங்கள் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள்.

தூண்டலும் துலங்கலும்

முட்டையிலிருந்து வெளிவந்து, கூட்டுப்புழுவாக மாறும் வரையுள்ள பருவம் குடம்பிப் பருவம் எனப்படும். பயிருக்கு அழிவு செய்யும் அந்துப்பூச்சிகள் பெரும்பாலும் இப்பருவத்திலேயே அவ்வழிவைச் செய்கின்றன. ஒளி, நிழல், தொடுகை, ஈரம், மணம், புவியீர்ப்பு என்பன குடம்பியைத் தூண்டுகின்றன. அவற்றிற்கு ஏற்ப அது அசைகின்றது, ஒளிகின்றது, ஏறுகின்றது அல்லது இறங்குகின்றது. முன்னதைத் தூண்டல் என்றும் பின்னதைத் துலங்கல் என்றும் கூறுவர்.

ஜேர்மனிய அறிஞர் ஜாக் லோப் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இவ்விடயத்தை விரிவாக ஆராய்ந்தார். பசித்த இளம் மயிர்க்கொட்டிகள் வெளிச்சத்தை நோக்கிச் செல்வதையும், உண்டபின் அவ்வேட்கை குறைந்துவிடுவதையும் அவர் கண்டார். ஒரே புழு, பசிக்கும் வயதிற்கும் ஏற்பத் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்பது இதனால் விளங்கும்.

செய்முன் கவனிக்க வேண்டியவை

ஒரு புழுவைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. குறைந்தது பத்துப் புழுக்களேனும் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே மாற்றுக. எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைக்குக. ஞாபகத்தை நம்ப வேண்டாம். மயிருள்ள புழுக்களை வெறுங்கையாற் தொடாது ஈர்க்கினால் எடுக்குக. மருந்து இருந்த போத்தல்களையும் தகரங்களையும் கழுவியேனும் பயன்படுத்தலாகாது. முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுக.

பரிசோதனை 1: நிழலும் நுளம்புக் குடம்பியும்

பழகுவதற்கு இதுவே எளிது. நுளம்புக் குடம்பிகள் உள்ள நீரைக் கண்ணாடிக் கோப்பையில் எடுத்து யன்னலருகே அசையாது வைக்குக. அவை சுவாசிப்பதற்காக நீர்மட்டத்தில் வந்து தங்கியதும், கோப்பைக்கு மேலாகக் கையை வீசி நிழல் விழச் செய்க. குடம்பிகள் உடனே கீழே செல்லும். சிறிது நேரத்தில் மீண்டும் மேலே வரும். இவ்வாறு பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் எத்தனை கீழே சென்றன என எண்ணுக. நிழலால் தீங்கு நேராதென்று பழகிவிட்ட குடம்பிகள் வரவர அசையாதிருக்கும். அப்பொழுது கோப்பையை மெல்லத் தட்டினால் மீண்டும் அமிழும். பழகியது நிழலுக்கு மாத்திரமே என்பதும், அவை களைத்துவிடவில்லை என்பதும் இதனால் அறியப்படும். பின்னர் நீரை உலர்ந்த தரையில் ஊற்றிவிடுக. டெங்கு பரவும் நாட்டில் அதனை ஓரிரவேனும் வைத்திருத்தல் தகாது.

பரிசோதனை 2: ஒளியும் இருளும்

நெல்வயலிற் பிடித்த படைப்புழுக்கள் பத்தினை, விளிம்பு உயர்ந்த ஒரு தட்டின் நடுவில் விடுக. தட்டின் ஒரு பாதியைக் கறுத்த மட்டையால் மூடுக. பத்து நிமிடம் கழித்து இரு பாதிகளிலும் உள்ளவற்றை எண்ணுக. பின்னர் மட்டையை மற்றப் பாதிக்கு மாற்றி மீண்டும் எண்ணுக. வளர்ந்த புழுக்களிற் பெரும்பாலானவை இரு முறையும் இருளையே நாடுமாயின், காரணம் தட்டின் சரிவோ காற்றோ அன்று, ஒளியே என்பது உறுதியாகும்.

இப்புழுக்களை ஈர்க்கு நுனியாற் தொட்டும் பாருங்கள். படைப்புழு உடலை வளைத்துச் சுருண்டு விழும். மடிந்த நெல்லிலைக்குள் வாழும் இலைச்சுருட்டிப் புழுவோ துள்ளி நெளிந்து விரைவாக விலகும். பெயர் தெரியாத புழுவை இனங்காண இதுவும் ஓர் உதவியாகும்.

பரிசோதனை 3: மேலேறும் இளங்குடம்பி

நெல்லிலையின் நுனியருகே, மங்கிய மஞ்சள் நிற மயிர்களால் மூடப்பட்ட சிறு முட்டைக் குவியலைக் காணலாம். இது தண்டு துளைப்பானின் முட்டையாகும். இலைத்துண்டுடன் அதனைப் போத்தலில் இட்டு, மெல்லிய சீலையால் வாயைக் கட்டி வைக்குக. ஏறக்குறைய ஒரு வாரத்திற் குடம்பிகள் வெளிவரும். போத்தல் நிமிர்ந்திருக்கும்போது அவை எங்கே கூடுகின்றன எனக் காண்க. பின்னர் போத்தலைக் கவிழ்த்து, அவை மீண்டும் மேலேறுகின்றனவா எனப் பார்க்குக. இறுதியாகப் போத்தலைப் படுக்கையாக வைத்து, ஒரு பாதியைக் கறுத்த சீலையாற் சுற்றி, ஒளியின் பங்கையும் அளவிடுக.

வயலிலும் இக்குடம்பிகள் முதலில் இலை நுனிக்கு ஏறும். அவற்றுட் சில நூல் விட்டுத் தொங்கிக் காற்றால் அயற்பயிருக்குச் செல்லும். பின்னர் தண்டினுட் புகுந்துவிடும். அவை வெளியே இருக்கும் காலம் மிகக் குறுகியது. நடுக்குருத்துக் காய்ந்த பின்போ வெண்கதிர் தோன்றிய பின்போ இலைமீது விசிறும் மருந்து உள்ளிருக்கும் புழுவைச் சேர்வது அரிது.

சில முட்டைக் குவியல்களிலிருந்து புழு வராது, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிறு குளவிகள் வெளிவரும். இவை முட்டையை அழிக்கும் உங்கள் நண்பர்கள். அவற்றை வயலிலே திறந்துவிடுக.

பரிசோதனை 4: மண்ணை நாடும் பழ ஈக் குடம்பி

அழுகத் தொடங்கிய பாகற்காயை, நாலு விரல் ஆழத்திற்கு மணல் இட்ட பாத்திரத்தின் மேல் வைக்குக. மணலின் ஒரு பாதி ஈரமாகவும் மறு பாதி உலர்ந்தும் இருக்கட்டும். பாத்திரத்தின் வாயை மெல்லிய சீலையாற் கட்டுக. முற்றிய குடம்பிகள் காயை விட்டு வெளியேறித் துள்ளி விழுந்து மணலுட் புகும். சில நாட்களின் பின் மணலை அரித்து, எப்பாதியில் எத்தனை கூட்டுப்புழுக்கள் உள்ளன என எண்ணுக.

கொடியின் கீழே கிடக்கும் ஒவ்வொரு பழுதுற்ற காயும் அடுத்த தலைமுறை ஈக்களின் பிறப்பிடம் என்பதை இது கண்முன் காட்டும். அவற்றைப் பொறுக்கிப் பொலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் இடுக. அல்லது இரண்டு அடி ஆழத்திற் புதைக்குக. மேலாகப் புதைத்தல் ஈக்கு மெத்தை விரித்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பரிசோதனை 5: நீரும் இரண்டு புழுக்களும்

இதுவே நெற்செய்கையாளர் தவறாது செய்ய வேண்டியது. இரண்டு கோப்பைகளில் நெற்றாள்களை நட்டு நீர் நிரப்புக. ஒன்றிற் படைப்புழுவையும், மற்றதில் இலைத்துண்டைக் குழல்போற் சுருட்டி அதனுள் வாழும் கூண்டுப்புழுவையும் விடுக. நீர் உயர உயரப் படைப்புழு இலை நுனிக்கு ஏறும் அல்லது நீரில் மிதக்கும். கூண்டுப்புழுவோ தன் கூண்டுடன் மிதந்து, சுகமாக ஒரு தாளிலிருந்து மற்றத் தாளுக்குச் செல்லும். நீரிற் சுவாசிப்பதற்கு அதற்குப் பூக்கள் உண்டு. இப்பொழுது கூண்டுப்புழு உள்ள கோப்பையின் நீரை வடித்துவிட்டு இரண்டு மூன்று நாட்கள் கவனிக்குக.

இதன் பொருள் யாது? படைப்புழு கண்ட வயலில் மடையைத் திறந்து நீரை உயர்த்தினால், மேலேறும் புழுக்களைப் பறவைகளும் வாத்துகளும் உண்ணும், கையாலும் சேகரிக்கலாம். கூண்டுப்புழு கண்ட வயலில் இரண்டு மூன்று நாட்கள் நீரை வடித்துவிட வேண்டும். இரண்டையும் மாறிச் செய்தால் மருந்தும் நீரும் வீணாவதுடன் பீடையும் பெருகும். உறுகாமம், உன்னிச்சை ஆகிய குளங்களின் நீரை நம்பிச் சிறுபோகம் செய்பவர்களுக்கு ஒரு நாள் நீரும் பெறுமதியுடையதன்றோ?

வகுப்பறையிலிருந்து வயலுக்கு

2018 ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட சோளப் படைப்புழுவும் இப்பாடத்தையே கற்பித்தது. வளர்ந்த புழு பகலிற் சோளனின் குருத்தினுட் பதுங்கி, இருளிலே அதிகம் உண்கின்றது. ஆகையால் மருந்து அவசியமாயின், மாலையில் அல்லது அதிகாலையில், குருத்தை நோக்கி இடுவதே பயன் தரும்.

ஆகவே மருந்துத் தாங்கியைத் தோளில் ஏற்றுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது எந்தப் புழு?
2. இந்நேரத்தில் அது எங்கே இருக்கின்றது?
3. நீரை மாற்றியோ, காயை அகற்றியோ, கையாற் பொறுக்கியோ அதனை அடக்க முடியாதா?

விடை தெரியாவிடின், புழுவை உயிருடன் ஒரு போத்தலில் இட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மருந்து இடவே நேர்ந்தால், அவர் கூறும் மருந்தை அவர் கூறும் அளவில், முகத்தையும் கைகளையும் மூடிக்கொண்டு இடுங்கள். வீணாக விசிறிய மருந்து புழுவைச் சேராது. உங்கள் மூச்சையும், வாய்க்கால் வழியே வாவியையும் சேரும்.

புழுவுக்குப் பேச வாயில்லை. அது செல்லும் திசையும் ஒளியும் இடமுமே அதன் பேச்சு. அதனை ஒரு நாழிகை பொறுமையுடன் கவனிப்பவர் ஒரு போகத்தைக் காத்துக்கொள்வர்.