துக்கடா நாடகம் எடுபடுமா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் 12 பேர் சேர்ந்து நாடகக் குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஒத்திகை. பொங்கலுக்கு இரண்டு மணி நேர நாடகம் போட ஆசை. எங்களில் ஒருவர் மட்டும், "பத்து நிமிஷ நாடகமா நாலு போடுவோம்" என்கிறார். விடிய விடிய கூத்து பார்த்த ஊரில் இந்தத் துக்கடாவெல்லாம் எடுபடுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: துக்கடா என்ற சொல்லை நன்றாகத்தான் பிடித்தீர்கள். கச்சேரியின் கடைசியில் பாடும் சின்ன உருப்படியான துக்கடா வரட்டும் என்றே உட்கார்ந்திருக்கும் ரசிகர்களும் உண்டு, ஐயா!

நீளமான நாடகம்தான் நாடகம், எழுத வராதவர்கள் போடுவது குறுநாடகம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கூத்தையே எடுத்துக்கொள்வோம். திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து விடியும்வரை தாங்குகிறதே, ஏன்? கதை சனங்களுக்கு முன்பே தெரியும். ஆடுகிறவர்களோ சிறுவயதில் சின்ன வேஷம் கட்டத் தொடங்கியவர்கள். அதே வேஷங்களை ஊர் ஊராக, சீசன் முழுக்கக் கட்டுகிறவர்கள். அந்த நீளத்தைத் தாங்குவது அவர்கள் ஆடி ஆடிப் பெற்ற பழக்கம்.

அமெச்சூர் குழுவுக்கு, அதாவது வேறு தொழில் செய்துகொண்டு ஆசைக்காக நாடகம் போடுகிறவர்களுக்கு, கிடைக்காதது அந்தப் பழக்கம்தான். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்து இதே பாடு.

இப்போது கணக்குக்கு வருவோம். நாடகத்தை நடுவில் நிறுத்தாமல் முதலிலிருந்து கடைசிவரை நடித்துப் பார்ப்பதை 'ஓட்டம்' என்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முன் எட்டு ஞாயிறு கிடைக்கும் என்றால் உங்களிடம் இருப்பது 16 மணி நேரம். இரண்டு மணி நேர நாடகத்தை எங்கும் நிறுத்தாமல் நடித்தாலே எட்டு ஓட்டம்தான். வசனம் மறந்து, சிரித்து, டீ குடித்து வரும்போது இரண்டு மூன்று தேறினால் பெரிது. பத்து நிமிட நாடகங்களை நாலு குழுவாகப் பிரிந்து ஒரே நேரத்தில் ஒத்திகை பார்த்தால், பேசித் திருத்திக்கொண்டே போனாலும் ஒவ்வொன்றுக்கும் வாரம் ஐந்து ஓட்டம் வரும். எட்டு வாரத்தில் 40. தொடக்கமும் திருப்பமும் முடிவும் 40 முறை உடம்பில் ஏறும். குறுநாடகத்தின் உண்மையான பலன் இதுதான். பார்ப்பவருக்கு நேரம் மிச்சமாவது அதற்கு அப்புறம்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒருவர் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டால் பெரிய நாடகத்தில் மற்ற 11 பேரும் கைகட்டி நிற்க வேண்டும். மூன்று மூன்று பேராகப் பிரிந்தால் ஒரு நாடகம்தான் நிற்கும். 'இரண்டாம் சேவகன்' வேஷத்தில் யாரும் காலந்தள்ள வேண்டியதுமில்லை.

எளிது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நாடகாசிரியர் பெக்கெட் 1965இல் எழுதிய 'கம் அண்ட் கோ' சில நிமிடங்களே ஓடும். மூன்று பெண்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி எழுந்து போனதும் மற்ற இருவரில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் அவளைப் பற்றி ஏதோ சொல்வாள். போனவள் திரும்பி வருவாள், அடுத்தவள் போவாள், மறுபடி ஒரு ரகசியம். அது என்னவென்று நமக்குக் கடைசிவரை கேட்காது. கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று, டெல்லி நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் போட்ட 'மெஷின்'. சுமார் 13 நிமிடம். சைக்கிள் நிறுத்த இடமும் டீ குடிக்க கேண்டீனும் கேட்ட தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டிலிருந்து பிறந்த வீதி நாடகம். மேடையில் இயந்திரம் ஏதுமில்லை. நடிகர்களே கையும் காலுமாக இயந்திரமாகி, வாயால் சத்தம் எழுப்புவார்கள். திடீரென்று அது நின்றுவிடும். ஏன் நின்றது என்பதுதான் நாடகம்.

இரண்டு நாடகங்களும் ஒரே விஷயத்தைக் கற்றுத் தருகின்றன: ஓர் இடம், ஒரு பொழுது, ஒரு திருப்பம். கதாநாயகன் பிறந்ததிலிருந்து தொடங்காதீர்கள். பிரச்சினை வெடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது திரையைத் தூக்குங்கள். இரண்டு மணி நேரக் கதையை வெட்டிச் சுருக்கினால் குறுநாடகம் வராது, கதைச்சுருக்கம்தான் வரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நாலு நாடகத்துக்கும் நாலு செட் போட்டு, நடுவில் ஐந்தைந்து நிமிடம் விளக்கை அணைத்தால் கூட்டம் எழுந்து போய்விடும். அதே இரண்டு பெஞ்சை வைத்தே நாலையும் நடத்துங்கள்.

இரண்டு மணி நேர நாடகத்தையும் விட்டுவிட வேண்டாம். இந்தப் பொங்கலில் எந்தக் குறுநாடகத்துக்குக் கூட்டம் அசையாமல் உட்கார்ந்தது என்று கவனித்து வையுங்கள். அடுத்த பொங்கலுக்கான பெரிய நாடகத்தை அந்த மூன்று பேரிடமிருந்து தொடங்கலாம்.