விறைப்பும் வலிமையும்

கிழக்குத் தாம்பரம்

சிரஞ்சீவி கோமதிக்கு, மாமாவின் ஆசீர்வாதம்.

சி. ராஜம் அவர்கள் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் பயிலச் சேர்ந்திருக்கும் நீ, எளிதில் வளையாத பொருள்தானே எளிதில் அறாத பொருளும் என்று கேட்டு எழுதியிருந்தாய். பாலிமர்களின் விஷயத்தில் அந்த அனுமானம் செல்லாது.

மீள்தன்மைக் குணகம் என்பது இழுக்கத் தொடங்கும் முதற்கணத்தில் பொருள் காட்டும் எதிர்ப்பின், அதாவது விறைப்பின், அளவு. வலிமை என்பதோ அறுபடும் கடைசிக் கணத்தில் ஓரலகுக் குறுக்குப் பரப்பில் அது தாங்கிய விசையின் அளவு. கண்ணாடிபோல் தெளிந்த பாலிஸ்டைரினின் குணகம் ஏறத்தாழ 3000 மெகாபாஸ்கல். கரித்தூள் கலவாத இயற்கை ரப்பருக்கோ அது ஒன்றிரண்டுதான். ஆயினும் வலிமையில் முன்னது சுமார் 40 என்றால், பின்னது 20-க்கும் மேல்! அதுவும், அறுபடுமுன் ஐந்தாறு மடங்கு நீண்டு மெலிந்துபோன குறுக்குப் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், ரப்பர் பாலிஸ்டைரினையே மிஞ்சிவிடும்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம், குணகம் பொருள் முழுவதற்கும் உரிய சராசரிக் குணமாகவும், வலிமை அதன் மிக நலிந்த ஓரிடத்தைப் பொறுத்த குணமாகவும் இருப்பதே. கண்ணாடி தன் இயல்பான வலிமையில் சிறு பங்கைக்கூட எட்டாமல் உடைவது நுண்ணிய வெடிப்புகளால்தான் என்று 1921-இல் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார். பாலிஸ்டைரினும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். இயற்கை ரப்பரிலோ, வெடிப்பின் முனையில் இழுபடும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் வரிசைப்பட்டு அவ்விடத்திலேயே படிகமாகி, வெடிப்பு மேலே பரவாதபடி மறித்துக்கொள்கின்றன.

ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகும் என்பது உனக்குத் தெரியும். பிணைப்புகள் பெருகப் பெருகக் குணகம் தயங்காமல் ஏறிக்கொண்டே போகும். வலிமையோ ஓர் உச்சம்வரை உடன் ஏறி, பிறகு இறங்கத் தலைப்படும். அளவுமீறிப் பிணைக்கப்பட்ட சங்கிலிகளுக்கு நீளவும் வரிசைப்படவும் இடமில்லாமற் போவதே இதற்கு ஹேது. உன் பாடப்புத்தகத்தில் இந்த இரண்டு கோடுகளும் ஒரே படத்தில் வரையப்பட்டிருந்தால், வேறெதையும்விட அதை நெடுநேரம் பார்.

குரோம்பேட்டையும் பல்லாவரமும் ஒரு காலத்தில் பேர்பெற்றிருந்த தோல் தொழிலிலும் இதே சமாசாரம் உண்டு. தோலின் கொலாஜன் ஓர் இயற்கைப் பாலிமர். 65 பாகை செல்சியஸை அடுத்துச் சுருங்கிவிடும் பச்சைத்தோல், குரோமிய உப்பு தரும் பிணைப்பால் கொதிநீரையும் தாங்கும். ஆனால் அதன் வலிமை பெரும்பாலும் நார்களின் பின்னலிலிருந்து வருவதேயன்றி, உப்பு கொடுத்த வரமன்று.

அந்தக் கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-இல் வெளியிட்டார்கள். அதே கொலாஜன் நார்கள் தோலில் பல திசைகளிலும் பின்னிக் கிடக்க, தசைநாணில் ஒரே திசையில் ஓடுகின்றன. ஆகையால் தசைநாணுக்கு, அதன் நீளவாட்டில், விறைப்பு, வலிமை இரண்டுமே மிகுதி. பாலிஎத்திலீனையும் இழுத்திழுத்துச் சங்கிலிகளை ஒருமுகப்படுத்தினால், பைகளுக்குப் பயன்படும் அந்த எளிய பிளாஸ்டிக்கே எஃகுக் கம்பியோடு போட்டியிடும் இழையாகிறது.

இப்படிக்கு,
உன் மாமா