பஞ்சு மூட்டை சுமந்தவர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஷெரியன் கடோரியா. சிறுமியாக இருந்தபோதே பருத்திக் காட்டில் பஞ்சு பறித்தார். கல்லூரிப் படிப்பை முடித்தபின் இராணுவத்தில் சேர்ந்தார்.

வியட்நாம் போர்க்காலத்தில் அவர் ஒரு பணியை நாடிச் சென்றபோது, பெண்ணால் பயணப் பெட்டிகளைச் சுமக்க இயலாதென்று உயரதிகாரி ஒருவர் தயங்கினார். சிறு வயதில் 100 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 45 கிலோ, பஞ்சு மூட்டையைச் சுமந்தபோது எவரும் தடுக்கவில்லையே என்றார் கடோரியா. பணி கிடைத்தது!

பின்னர் அவர் இராணுவக் காவற்படை அதிகாரியானார். படைவீரர் புரியும் குற்றங்களை விசாரிப்பது அப்படையின் கடமை. தம்மைப் போலவே சீருடை அணிந்தவரை விசாரிப்பது எளிதன்று. குற்றப் புலனாய்வுப் பிரிவொன்றுக்கும் அவர் தலைமை தாங்கினார். 1985இல் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். செவிலியர் பிரிவைச் சாராமல் அமெரிக்கத் தரைப்படையில் அந்நிலையை எட்டிய முதல் கறுப்பினப் பெண் அவரே. 1990இல் ஓய்வு பெற்றார்.