அகச்சிவப்பு என்னும் காணா ஒளி

வேலூரில் சித்திரை மாதத்து முன்னிரவில் ஒரு கருங்கற் சுவரோரமாக நடந்து பாருங்கள். கதிரவன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும். ஆயினும் சுவர்ப் பக்கமுள்ள கன்னம் சுடும். மறுபக்கக் கன்னம் அவ்வளவாகச் சுடாது. இரண்டு கன்னங்களையும் தொடுவது ஒரே காற்றுதான். ஆகவே அச்சூடு காற்றின் வழியாக வந்ததன்று என்பது தெளிவு. கையிலுள்ள நோட்டுப் புத்தகத்தைச் சுவருக்கும் கன்னத்துக்கும் இடையே பிடித்தால் சூடு அக்கணமே நின்றுவிடுகிறது. விளக்கை மறைத்தால் நிழல் விழுவதைப் போன்றதே இதுவும். சுவர் ஒளி வீசுகிறது. அவ்வொளியைக் காணும் ஆற்றல் நம் கண்ணுக்கு இல்லை, உணரும் ஆற்றல் நம் தோலுக்கு உண்டு. இக்காணா ஒளியே அகச்சிவப்புக் கதிர்.

இதனை முதன்முதலாகக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். இசைக் கலைஞராக வாழ்வைத் தொடங்கி வானியலுக்கு வந்தவர். 1781 இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். கதிரவனை நிறக் கண்ணாடிகள் வழியே நோக்கும்போது, சில கண்ணாடிகளில் ஒளி குறைவாகவும் சூடு மிகுதியாகவும் இருப்பதை அவர் கவனித்தார். எந்த நிறம் எவ்வளவு சூடு தருகிறது என்று அளக்க விரும்பினார். 1800 ஆம் ஆண்டில் முப்பட்டகத்தால் கதிரவன் ஒளியைப் பிரித்து, குமிழ் கருப்பாக்கிய வெப்பமானியை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிடுவதற்காக வேறு வெப்பமானிகளை நிறமாலைக்கு வெளியே வைத்திருந்தார். ஊதாவை விடப் பச்சையிலும், பச்சையை விடச் சிவப்பிலும் சூடு ஏறிற்று. சிவப்பும் முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்தபோது இன்னும் ஏறிற்று! அங்கு விழும் கதிர்கள் ஒளியைப் போலவே எதிரொளிக்கவும் விலகவும் செய்கின்றன என்பதையும் அவர் சோதித்துக் காட்டினார்.

இவ்விடத்தில் மாணவர் பலர் ஒரு பிழை செய்வதுண்டு. அகச்சிவப்பு மட்டுமே ‘வெப்பக் கதிர்’, மற்றவை வெறும் ஒளி என்று தேர்வுத் தாளில் எழுதுவர். அவ்வாறன்று. எந்த நிற ஒளியும் ஒரு பொருளால் உட்கவரப்பட்டால் வெப்பமாகவே மாறும். கண்ணாடி முப்பட்டகம் சிவப்புப் பக்கத்துக் கதிர்களை நெருக்கியும் ஊதாப் பக்கத்தவற்றை விரித்தும் விழச் செய்வதால், ஹெர்ஷலின் வெப்பமானிக்கு அப்பக்கம் கூடுதலான பங்கு கிடைத்தது. எனினும் தரைக்கு வரும் கதிரவன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்பு என்பது உண்மையே. பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘அகம்’ என்றதும் சிவப்புக்கு உள்ளே இருப்பது என்று எண்ணிவிடலாகாது. அதிர்வெண்ணில் சிவப்புக்குக் கீழே அமைந்தது என்பதே பொருள். அகம், புறம் என்ற பழக்கம் நமக்கு உண்டாகையால் அகச்சிவப்பு, புறஊதா என்ற பெயர்கள் நாவுக்கு எளிதாக அமைந்துவிட்டன.

கண் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 மைக்ரான் முதல் 0.7 மைக்ரான் வரை. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் வரை பரந்து கிடப்பது அகச்சிவப்பு. சூடுள்ள எப்பொருளும் கதிர் வீசும். சூடு குறையக் குறைய அலைநீளம் கூடும். 2,898 என்ற எண்ணைப் பொருளின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அது மிகுதியாக வீசும் அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். இது வீன் விதி. கதிரவனின் மேற்பரப்பு 5,800 கெல்வின். விடை அரை மைக்ரான். 1,000 கெல்வினில் கனலும் கரி, 2.9 மைக்ரான். நம் சுவரும், அதனருகே நடக்கும் நாமும் 300 கெல்வினை ஒட்டியவர்கள். எனவே பத்து மைக்ரானை ஒட்டிய ஒளியை இரவும் பகலும் வீசிக்கொண்டே இருக்கிறோம்.

அகச்சிவப்பின் வரலாற்றில் பெரும்பங்கு கொள்வது நீர். நீர் மூலக்கூற்றில் ஆக்சிஜனுடன் இணைந்த இரு ஹைட்ரஜன் அணுக்களும் சுருள்வில்லில் கட்டியவை போல் அதிர்கின்றன. அந்த அதிர்வுகள் 3 மைக்ரானை ஒட்டியும், 6 மைக்ரானை ஒட்டியும் உள்ள கதிர்களோடு இசைந்து அவற்றை விழுங்கிவிடும். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதைச் செய்வதில்லை. ஜான் டிண்டல் 1859 இல் லண்டனில் தொடங்கிய அளவீடுகள் இதைத் தெளிவாக்கின: உலர்ந்த காற்று கதிரை விட்டுவிடுகிறது, நீராவியும் கரியமில வாயுவும் தடுக்கின்றன. மார்கழியில் வானம் தெளிந்த இரவில் குளிர் நடுக்குவதும், மேகம் கவிந்த இரவில் புழுங்குவதும் இதனால்தான். தரை வீசும் கதிரை மேகம் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புகிறது.

நீருக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள இவ்வுறவைக் காண ஆய்வுக்கூடம் தேடவேண்டியதில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் தோல் உலர்த்துவதைப் பார்த்தாலே போதும். ஈரத் தோலை நேர் வெயிலில் விரிப்பது கேடு என்று பழைய தொழிலாளர் அறிவர். நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் கட்டித் தொங்கவிடுவர். காரணம் இது. பதனிடாத ஈரத் தோலின் புரதமாகிய கொலாஜன் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் அளவில் சுருங்கிப் பசையாகத் தொடங்கும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். நன்கு குரோம் ஏற்றிய தோல் கொதிநீரையும் தாங்கும். நிழலிலுள்ள வெப்பமானி 40 டிகிரி என்று காட்டும் நாளில், வெயிலில் கிடக்கும் கருங்கல் 60 டிகிரியைத் தொடுவதுண்டு. கதிர் காற்றைச் சூடாக்கிவிட்டுப் பிறகு பொருளுக்கு வருவதில்லை. நேரே பொருளில் பாய்கிறது. தோலில் நீர் ஆவியாகும் வரை அதுவே குளிர்ச்சி தரும். மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக இருக்கும் வேளைதான் ஆபத்தானது. அந்நேரம் சுருங்கிய தோலை மீட்க எந்த இரசாயனமும் இல்லை. ‘காற்று அவ்வளவு சூடில்லையே’ என்று காற்றின் வெப்பநிலையை மட்டும் நம்பினால் தோல் போய்விடும்.

கேடு செய்யும் அதே பண்பு, அளவறிந்து பயன்படுத்தினால் உதவியும் செய்யும். தோலின் மேல் வண்ணப்பூச்சு தெளித்தபின் அதை அகச்சிவப்பு விளக்குகள் பொருத்திய உலர்த்தும் அறை வழியாகச் செலுத்தும் முறை உண்டு. 2 முதல் 4 மைக்ரான் வரையிலான கதிர் நீர் கலந்த மெல்லிய பூச்சிலேயே பெரிதும் உட்கவரப்படுகிறது. பூச்சு விரைவில் காய்கிறது. அடியிலுள்ள தோல் அளவுக்கு மீறிச் சூடாகுமுன் வெளியே வந்துவிடுகிறது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே சவ்வாது மலை ஏறினால், 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வான் ஆய்வகம். வேணு பாப்பு அவர்களின் முயற்சியால் 1960-களின் இறுதியில் தொடங்கியது. 1972 இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986 இல் அவர் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியும் அங்குச் செயற்படத் தொடங்கின. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனின் அருகே கடந்து அதை மறைக்கும் வாய்ப்பு இருந்தது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நோக்கியவர்கள், எதிர்பாராத வேளையில் விண்மீன் சில நொடிகள் மங்கி மீண்டதைப் பதிவு செய்தனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்கக் கைப்பர் வானூர்தி ஆய்வகமும் அத்தகைய மறைவுகளைப் பல முறை கண்டது. முதலில் சிறு துணைக்கோள்களோ என்ற ஐயம் எழுந்தது. பின்னர் அவை யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது உறுதியாயிற்று.

ஒரு தொலைநோக்கியை ஏன் விமானத்தில் ஏற்றிப் பறக்க வேண்டும்? அந்த விமானமே அகச்சிவப்பு வானியலுக்காக அமைக்கப்பட்டது. 12 கிலோமீட்டருக்கும் மேலே சென்றால் காற்றிலுள்ள நீராவியில் மிகப்பெரும்பகுதி கீழே தங்கிவிடும். ஹெர்ஷல் கண்டுபிடித்த கோளின் வளையங்கள், ஹெர்ஷல் கண்டுபிடித்த கதிருக்கென்று அமைந்த விமானத்திலிருந்தும் நம் மலையிலிருந்தும் ஒரே இரவில் பதிவானது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

காவலூர் வானம் கண்காணும் ஒளிக்கு ஏற்றது. அகச்சிவப்பில் அதன் வழி குறுகலானது. 1.2, 1.6, 2.2 மைக்ரானை ஒட்டிய சில சாளரங்கள் திறந்திருந்தாலும், அவற்றுக்கு இடையில் நீராவி திரை போட்டுவிடும். 10 மைக்ரானிலும் ஒரு சாளரம் உண்டு. ஆனால் அங்குக் காற்றும் தொலைநோக்கியுமே அவ்வொளியை வீசுகின்றன. எரியும் விளக்குகளால் கட்டிய தொலைநோக்கியைக் கொண்டு பட்டப்பகலில் விண்மீன் தேடுவதற்கு ஒப்பானது அது. ஆகவே உலர்ந்த உயரங்களை நாட வேண்டியதாயிற்று. அபு மலையின் குருசிகரத்தில் 1,680 மீட்டர் உயரத்தில் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி அமைந்தது. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரக் குளிர்ப் பாலைவனத்தில், 2000 இல் இரண்டு மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை நிறுவியது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் இருந்துகொண்டே செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகின்றனர்.

2021 டிசம்பர் 25 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நீராவியை முற்றிலும் விட்டு விலகி, 15 லட்சம் கிலோமீட்டர் அப்பால் நிற்கிறது. தன் ஒளியே தனக்குத் தடையாகாதிருக்க, கதிரவனை மறைக்கும் திரையின் நிழலில் அதன் கண்ணாடி 50 கெல்வினை ஒட்டிக் குளிர்ந்து கிடக்கிறது. விண்மீன்களுக்கு இடையேயுள்ள தூசு மேகங்களை அது ஆராய்ந்தபோது, 3 மைக்ரானில் ஒளி விழுங்கப்பட்டிருப்பதைப் பதிவு செய்தது. அங்கே தூசுத் துகள்களின் மேல் நீர் பனிக்கட்டியாகப் படிந்திருக்கிறது.