கேஷ் ப்ரீலோட்: இன்டர்வியூவில் முந்த 6 வழிகள்

ஜாவா தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ராயபுரத்திலிருந்து ஓஎம்ஆர் கம்பெனிக்குப் போனாலும் சரி, தம்புச் செட்டித் தெருவில் ஒரு ஷிப்பிங் ஆபீஸின் ஐடி வேலைக்குப் போனாலும் சரி, இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள்: “அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போதே டேட்டாபேஸில் இருப்பதை கேஷில் ஏற்றுவது எப்படி?” ஒரு அனொட்டேஷன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். எதை ஏற்றக் கூடாது, எப்போது ‘ரெடி’ சொல்லலாம், லோட் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று பேசுபவரே முந்துவார்.

1. உதாரணத்தை ஊரிலிருந்து எடுங்கள். மற்றவர்கள் ஷாப்பிங் சைட்டைச் சொல்லட்டும். நீங்கள் துறைமுகத்தைச் சொல்லுங்கள். கஸ்டம்ஸ் கணக்கில் சென்னைத் துறைமுகம் ஐஎன்எம்ஏஏ1, எண்ணூர் ஐஎன்ஈஎன்ஆர்1. இந்த போர்ட் கோடுகள், கன்டெய்னர் டைப், எச்எஸ் கோடு எல்லாம் அபூர்வமாகவே மாறும். ஆனால் ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் தேவைப்படும். முதலில் ஏற்ற வேண்டியவை இவைதான்.

2. எதை விடுவது என்று சொல்லுங்கள். கன்டெய்னர் யார்டில் எங்கே இருக்கிறது, கேட் தாண்டியதா என்பது சதா மாறும். அதை ஏற்றி வைத்தால் பழைய தகவலைத்தான் காட்டுவீர்கள். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் செக் டிஜிட். எண் சரியாக டைப் ஆகியிருக்கிறதா என்று பார்க்க கேஷும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம், கணக்கு போதும்.

3. சரியான இடத்தில் லோட் செய்யுங்கள். ஸ்பிரிங்கில் போஸ்ட்கன்ஸ்ட்ரக்டுக்குள் அதே கிளாஸின் கேஷபிள் மெத்தடைக் கூப்பிட்டால் கால் ப்ராக்ஸி வழியாகப் போகாது. கேஷ் காலியாகவே இருக்கும். மெத்தடைத் தனி பீனில் வைத்து, அப்ளிகேஷன்ரன்னரிலிருந்து கூப்பிடுங்கள். ரன்னர் முடிந்த பிறகே ஸ்பிரிங் பூட் ‘ரெடி’ ஆகும். குபர்நெட்டிஸில் ரெடினஸ் ப்ரோபை அதோடு இணைத்தால், கேஷ் நிரம்பாத பாடுக்கு ட்ராஃபிக் வராது.

4. டேட்டாபேஸை மொய்க்காதீர்கள். வரிக்கு ஒரு குவரி வேண்டாம், மொத்தமாக எடுங்கள். பாடுகளை ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எல்லாம் ஒன்றாக மொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. கேஷில் இருந்த தவறான கான்ஃபிக் வேல்யூவைத் திருத்தப் போன கிளையன்டுகள் எல்லாம் நொடிக்கு லட்சக்கணக்கான குவரிகளோடு டேட்டாபேஸ் மீது பாய்ந்தன. சைட்டுக்கு வரும் ட்ராஃபிக்கையே நிறுத்தித்தான் மீட்டார்கள்.

5. லோட் ஃபெயில் ஆனால்? அந்த டேபிள் இல்லாமல் வேலையே நடக்காது என்றால் ஸ்டார்ட்டை நிறுத்துங்கள். சமாளிக்கலாம் என்றால் லாக் எழுதிவிட்டு, கேட்கும்போது லோட் ஆகட்டும். இந்த முடிவை நீங்களாகவே எடுத்துச் சொன்னால் சீனியர் போல் தெரிவீர்கள்.

6. அளந்துவிட்டு ரெஸ்யூமேயில் போடுங்கள். போஸ்ட்கிரெஸில் டேபிளை டேட்டாபேஸின் சொந்த கேஷிலேயே ஏற்றும் பிஜி_ப்ரீவார்ம் 2014 முதல் இருக்கிறது. சில இடங்களில் அதுவே போதும்; உங்கள் ப்ரீலோட் தேவையா என்பது அளந்தால்தான் தெரியும். சின்ன ப்ராஜெக்ட் ஒன்று செய்து, ப்ரீலோடுக்கு முன்னும் பின்னும் முதல் ரிக்வெஸ்ட் எடுத்த நேரம், ஸ்டார்ட் ஆன நேரம், ஓடிய குவரிகள் மூன்றையும் எழுதுங்கள். ஸ்டார்ட் நேரம் கூடியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். கடன் வாங்கிய நம்பர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிவிடும். சொந்த நம்பர் இருந்தால் சம்பளம் பேசும்போதும் கை ஓங்கும்.